மலைநாட்டிலே சைக்கிள் உலா: எங்கே? எப்போது?

விடுமுறை நெருங்கிவிட்டால் வீடுகள்தோறும் எழும் கேள்வி, "இம்முறை எங்கே போவது?" என்பதேயாம். கடற்கரையில் வாழ்பவர் மலையை நாடுவர். மலையில் வாழ்பவர் கடலை நாடுவர். இது மனித இயல்பு. யாழ்ப்பாணத்துச் சமதரையிலே பிறந்து, பாடசாலைக்கும் சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் சைக்கிளிலேயே சென்று வளர்ந்த எமக்கு, மலைநாட்டையும் அதே சைக்கிளிலேறிக் கண்டுவரவேண்டும் என்னும் ஆசை நெடுநாளாக இருந்துவந்தது. தொழில் நிமித்தம் கொழும்பிலே குடியேறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அவ்வாசை எம்மை விட்டு நீங்கவில்லை.

ஆசை இருந்தாற் போதுமா? எங்கே போவது என்பதைப் பற்றி நாள்தோறும் பேசிய நாம், எப்போது போவது என்பதைப் பற்றி ஒருநாளேனும் சிந்தித்தோமில்லை. விடுமுறை கிடைக்கும் நாளே போகும் நாள் என எண்ணிவிட்டோம். அதன் பலனை அனுபவித்த பின்னரே, மலைநாட்டைப் பொறுத்தவரையில் இடமும் காலமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதை உணர்ந்தோம். நாம் பட்டறிந்ததைப் பிறரும் பட்டே அறியவேண்டும் என்பதில்லையே! அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மார்கழியிற் பட்ட பாடு

2022ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையின்போது நாம் நால்வர் புறப்பட்டோம். நண்பர் இருவர், மற்றவன் எமது தமையனார் மகன், உயர்தர வகுப்பிலே படிப்பவன். சைக்கிள்களைப் புகையிரதத்திற் பொதியாக ஏற்றிக்கொண்டு பதுளைக்குச் சென்று, அங்கிருந்து ஹாலிஎல வழியாகப் பண்டாரவளைக்கு ஏறுவதே எமது திட்டம். பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளையோ 1,200 மீற்றருக்கும் மேலே. இடைப்பட்ட தூரம் முப்பது கிலோமீற்றர் அளவே. "முப்பது கிலோமீற்றர் ஒரு பெரிய தூரமா? பருத்தித்துறைக்குப் போய்வரும் தூரந்தானே!" என்று நாம் நகைத்தோம். மலை எம்மைப் பார்த்து நகைக்கப்போவதை அப்போது அறிந்திலோம்.

பதுளையில் விடிந்தபோதே வானம் கறுத்திருந்தது. தூறலாகத் தொடங்கிய மழை ஹாலிஎலவைத் தாண்டியதும் ஓயாது பெய்தது. மலைகள் எங்கே, பள்ளத்தாக்குகள் எங்கே என்று தெரியாதவாறு வெண்முகில் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. காணவந்த காட்சி ஒன்றையேனும் கண்டோமில்லை. முன்னாற் செல்பவரின் முதுகைத்தான் கண்டோம். நண்பகலாகியும் பாதி வழி கடக்கவில்லை. இனி ஏறுவது வீண் என்று முடிவுசெய்து திரும்பினோம்.

ஏறும்போது வராத ஆபத்து இறங்கும்போது வந்தது. நனைந்த றிம்மிலே பிறேக்குக் கட்டைகள் பிடிக்கவில்லை. வளைவொன்றில் எம் பெறாமகன் சறுக்கி வீழ்ந்தான். எதிரே வந்த லொறிச் சாரதி விழிப்பாயிருந்து வண்டியை நிறுத்தியமையால் பேராபத்து நீங்கியது. முழங்காலிலே ஆழமான காயம். அண்மையிலிருந்த தேநீர்க்கடைக்காரர் ஓடிவந்து அவனைத் தூக்கிச் சென்று, காயத்தைக் கழுவிக் கட்டி, முச்சக்கரவண்டி ஒன்றையும் ஒழுங்கு செய்து தந்தார். வைத்தியசாலையில் ஐந்து தையல் போட்டார்கள்.

முச்சக்கரவண்டிக்காகக் காத்திருந்தபோது அம்முதியவர் சொன்ன வார்த்தைகள் இன்றும் எம் காதில் ஒலிக்கின்றன. "இந்த மாசத்துல இந்தப் பக்கம் யாருங்க சைக்கிள்ல வருவாங்க? இங்க இப்பத்தான் மழைக் காலம். ஆடி, ஆவணியில வந்து பாருங்க. தேயிலை மணக்கிற மாசத்துல வரணுங்க."

தேயிலை மணக்கிற மாதம்! அச்சொற்றொடரின் பொருள் அப்போது எமக்கு விளங்கவில்லை. கொழும்புக்குத் திரும்பியதும் எம் அண்ணியாரின் கோபத்துக்கு ஆளாக வேண்டியதாயிற்று. "தம்பி, இனிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால், எங்கை, எப்ப எண்டு முதலில வடிவா விசாரிச்சுச் சொல்லும். பிறகு பாப்பம்" என்று அவர் சொல்லிவிட்டார். அது கோபத்திற் பிறந்த சொல்லாயினும் நியாயமான சொல். ஆகவே விசாரிக்கத் தொடங்கினோம்.

இரு காற்று, இரு சரிவு

இலங்கையின் நடுவே எழுந்து நிற்கும் மலைத்திணிவை ஒரு பெருஞ்சுவர் எனக் கொள்ளலாம். அதன் உச்சியான பிதுறுதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. இச்சுவரின் இரு பக்கங்களையும் ஆண்டுக்கு இரு காற்றுக்கள் மாறிமாறி மோதுகின்றன. மே முதற் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர் முதற் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடையே மார்ச், ஏப்ரல் மாதங்களும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் இடைப்பருவங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தார் ஆண்டை வகுத்திருக்கும் முறை இதுவே.

கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவிலே மோதி மேலெழும்புகின்றது. மேலெழும்போது குளிர்ந்து மழையாகின்றது. இதனாலேயே கினிகத்தேனை, வட்டவளை ஆகிய இடங்களில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்கின்றது. மழையை எல்லாம் அங்கே கொட்டிவிட்டு மலைமுடியைத் தாண்டும் காற்று, மறுபுறத்தே ஊவாவை நோக்கி இறங்கும்போது வெப்பமடைந்து உலர்ந்துபோகின்றது. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று அழைப்பதும் இத்தென்மேற்குக் காற்றையே. மலைகளைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் வந்து வெம்மையாக வீசும்போது, அங்குள்ளோர் அதனைக் கச்சான் என்பர். ஒரே காற்று அட்டனில் குடை பிடிக்க வைக்கின்றது. பண்டாரவளையில் புழுதியைக் கிளப்புகின்றது.

வாடைக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகின்றது. பதுளை, பசறை, நக்கிள்ஸ் மலைகளின் கிழக்குச் சரிவு ஆகியன நனைகின்றன. தை, மாசி மாதங்களில் அட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பகுதிகளோ வெயிலும் குளிருமாக விளங்குகின்றன.

இனி, கடைக்கார முதியவரின் சொல்லுக்கு வருவோம். தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்க்கின்றது. ஆயினும் அதன் மணம் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. உலர்ந்த காற்றும், பகல் வெயிலும், இரவுக் குளிரும் சேரும்போது கொழுந்து மெதுவாக வளர்கின்றது; மெதுவாக வளர்ந்த கொழுந்திலே மணம் செறிகின்றது. ஊவாத் தேயிலைக்கு இக்காலம் ஜூலை முதற் செப்டெம்பர் வரை. டிம்புலைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. ஏலத்திலே இத்தேயிலைகளுக்குச் சிறப்பு விலை கிடைப்பதும் அம்மாதங்களிலேதான்.

ஆகவே சைக்கிளோடு மலையேற விரும்புபவர் கணக்கெல்லாம் போட்டுக் களைக்க வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எந்தச் சரிவின் தேயிலை மணக்கின்றதோ, அந்த மாதத்தில் அந்தச் சரிவுக்குச் செல்லலாம். எமக்கு ஐந்து தையலின் விலைக்குக் கிடைத்த பாடம் இது.

மூன்று விடுமுறைகள்

பிள்ளைகளுள்ள குடும்பத்தினருக்கு விரும்பிய மாதத்திற் புறப்படும் சுதந்திரம் இல்லை. எமது பாடசாலைகளுக்கு வழக்கமாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் விடுமுறை வருகின்றது. இம்மூன்றையும் நிறுத்துப் பார்த்தோம்.

ஏப்ரல் இடைப்பருவம். காலையிலே வானம் தெளிந்திருக்கும். பிற்பகலிலே இடிமின்னலோடு மழை கொட்டும். அன்றியும் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டம் நடைபெறுவதால், நாட்டிலுள்ள வாகனங்களெல்லாம் அங்கே திரண்டுவிட்டனவோ என ஐயுறும்படி வீதிகள் நெருக்குண்டு கிடக்கும். அந்நெருக்கத்திற் சைக்கிளுக்கு இடமேது? ஏப்ரலில் போகத்தான் வேண்டுமெனில், நுவரெலியாவைத் தவிர்த்து, விடியற்காலை புறப்பட்டு நண்பகலுக்கு முன் தங்குமிடம் சேர்தல் நலம்.

டிசம்பரைப் பற்றி நாம் கூறவேண்டியதில்லை. எம் பெறாமகனின் முழங்காலே சாட்சி.

எஞ்சியது ஓகஸ்ட். மேற்குச் சரிவு அப்போது நனைந்திருக்குமாயினும் ஊவா உலர்ந்திருக்கும். ஆகவே பாடசாலைப் பிள்ளைகளோடு செல்வோருக்கு உகந்த காலம் ஓகஸ்ட். உகந்த இடம் அப்புத்தளை முதற் பதுளை வரையுள்ள ஊவா மலைகள்.

பல்கலைக்கழக மாணவரும் தொழில் புரிவோரும் தைப்பொங்கலுக்குப் பிந்திய வாரங்களில் இரண்டு மூன்று நாள் ஓய்வு பெறக்கூடுமாயின், அட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியைத் தேர்ந்தெடுக்கலாம். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரையோரமாகச் செல்லும் அவ்வழியின் அழகு தனி. ஆனால் டிசம்பர் மாதப் பூரணையிலிருந்து வெசாக் பூரணை வரை சிவனொளிபாத யாத்திரைக் காலம். வார இறுதிகளிலும் பூரணை நாட்களிலும் யாத்திரிகர் பஸ்கள் இரவுபகலாக ஓடும். ஆகையால் வாரநாட்களையே கொள்ளவேண்டும். நுவரெலியாப் பக்கத்தில் அம்மாதங்களின் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. கம்பளிச் சட்டையும் கையுறையும் இன்றிச் செல்லலாகாது.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவேண்டும். அவை மலையேறும் மாதங்கள் அல்ல. இருபுறமும் மழை பெய்யும் காலம் அது. மண் ஊறிக் கனத்துச் சரியும் காலமும் அதுவே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை எவரே மறப்பர்? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல், கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் எண்ணற்ற மண்சரிவுகளை உண்டாக்கி, நாடெங்கும் பல நூறு உயிர்களைக் கவர்ந்தது. வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தன.

ஆகவே, எம்மாதத்திற் செல்வோரும் புறப்படும் முன்னர் மூன்று காரியங்களைச் செய்தல் கடமை. முதலாவது, புகையிரதம் எதுவரை ஓடுகின்றது, வீதி எதுவரை திறந்துள்ளது எனக் கேட்டறிதல். இரண்டாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தல். மூன்றாவது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுதல். எச்சரிக்கை இருப்பின் பயணத்தை ஒத்திவையுங்கள். மலை எங்கும் ஓடிவிடாது.

சுரங்கத்தின் மறுபுறம்

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அண்ணியாரிடம் சமர்ப்பித்தோம். இரண்டுமுறை படித்துவிட்டு, "சரி, இந்த முறை போட்டு வாருங்கோ" என்று அனுமதி தந்தார். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் அதே நால்வரும், அதே சைக்கிள்களோடும் புறப்பட்டோம்.

மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். 1867இல் கண்டியை எட்டிய பாதை, 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்து, 1924இலேயே பதுளையிற் போய் முடிந்தது. கண்டியிலிருந்து பதுளைக்குச் செல்ல ஐம்பத்தேழு ஆண்டுகள்! பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையே ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் பாதை உச்சியை அடைகின்றது. அங்கேயொரு சுரங்கம் இருக்கின்றது.

வட்டவளையிலே சன்னல்களை அடைத்தோம். தலவாக்கலையிலே மழை. நானுஓயாவிலே மழையும் முகிலும். எம் பெறாமகன் எம்மை ஒரு பார்வை பார்த்தான். "சித்தப்பா, தாளிலே எழுதினது பிழைச்சுப் போச்சுதோ?" என்று கேட்டான். நாம் வாய் திறக்கவில்லை. வண்டி பட்டிப்பொலையைக் கடந்து சுரங்கத்துள் நுழைந்தது. இருள், கரிய சுவர்களில் நீர் வடியும் ஒலி, பின்பு ஒளி. சுரங்கத்தைவிட்டு வெளியேறியபோது எதிரே வெயில்! கீழே ஊவாவின் பள்ளத்தாக்குகள் நீலமும் பச்சையுமாய் விரிந்து கிடந்தன. பின்னால் மலைமுடியின்மேல் வெண்முகில் சுவர்போல் நின்றது. இப்புறம் வர அதற்கு அனுமதியில்லைபோலும். எமக்குப் போன உயிர் மீண்டு வந்தது.

அப்புத்தளையில் இறங்கினோம். ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுதுகின்மேல் அமைந்த சிற்றூர் அது. ஊரின் ஒரு புறம் மேட்டுநிலம். மறுபுறம் தென்சமவெளியை நோக்கி இறங்கும் செங்குத்துச் சரிவு. காற்று மிக வேகமாக வீசியது. உலர்ந்த காலமாயினும் ஊவாவின் காற்று ஆளைச் சாய்க்கும் என்பதை அறிந்து, மலைமுதுகிலே சைக்கிளை விட்டிறங்கி நடந்த சந்தர்ப்பங்களும் உண்டு.

மறுநாள் அதிகாலை ஆறு மணிக்குத் தம்பேதனை வீதியில் ஏறத் தொடங்கினோம். 1890இல் சேர் தோமஸ் லிப்ரன் அமைத்த தேயிலைத் தொழிற்சாலை பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அங்கிருந்து மேலும் ஏழு கிலோமீற்றர் அளவு ஏறினால், அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மேடு. தொழிற்சாலையின் பக்கமாகச் சென்றபோது காற்றிலே வந்த மணத்தை எவ்வாறு எழுதுவது? புதிய வைக்கோலும் பழுத்த பழமும் சேர்ந்தாற் போன்ற ஒரு மணம். "இதுதான் தேயிலை மணக்கிற மாசமோ?" என்றான் பையன். நால்வரும் சிறிது நேரம் பேசாது நின்றோம்.

மேட்டை அடைந்தபோது மணி ஒன்பது. கீழே மடிப்பு மடிப்பாய்த் தேயிலை மலைகள். அப்பால் தெற்கே நீர்நிலைகள் மின்னும் சமவெளி. பத்து மணிக்குப் பின்னர் அவ்விடத்தை முகில் மூடுவது வழக்கம் என்றனர். ஆகவே காலையிலேயே ஏறியது நல்லதாயிற்று.

அரைப்பேர்

இறங்கும் வழியிலே, ஒரு வளைவில், கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் நிழலில் அமர்ந்து ரொட்டியும் சம்பலும் உண்டுகொண்டிருந்தனர். நாம் நின்று தண்ணீர் கேட்டோம். தண்ணீரோடு ரொட்டியும் தந்தனர். வயதில் மூத்த அம்மையாரிடம், "என்ன அருமையான காலநிலை அம்மா! மழை என்பதே இல்லை. வெகு சந்தோசம்" என்றோம்.

அவர் சிரித்தார். "உங்களுக்குச் சந்தோசந்தாங்க ஐயா. மழை இல்லாட்டிக் கொழுந்து ஏதுங்க? கொழுந்து இல்லாட்டிக் கிலோ எப்படிங்க வரும்? இந்த மாசம் பாதி நாளு அரைப்பேர்தாங்க" என்றார்.

குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காத நாளில் பாதிச் சம்பளமே பதியப்படும், அதுவே அரைப்பேர். மணம் செறிவதற்காகக் கொழுந்து மெதுவாக வளர்கின்றது என்று நாம் தாளில் எழுதியிருந்தோம். மெதுவாக வளரும் கொழுந்தைப் பறிப்பவரின் கூடை நிரம்புவதில்லை என்பதை நாம் எழுதவில்லை, நினைக்கவுமில்லை. மழை வந்தாற் கூடை நிரம்பும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அதே மழை மிஞ்சினால், லயத்துக்கு மேலேயுள்ள மலையை எண்ணி இரவில் உறக்கம் வராது. மீரியபெத்தை இதே மலைத்தொடரின் தெற்குச் சரிவிலேதான் இருக்கின்றது. அவ்வம்மையாரின் உறவினர் ஒருவரும் அங்கிருந்து வெளியேறி வந்தவராம். எமக்குக் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. மழையானால் வரமாட்டோம், வெயிலானால் வருவோம். அவர்கள் வெயிலிலும் மழையிலும் அங்கேயே இருக்கின்றனர்.

இதைக் கூறுவது எவர் மகிழ்ச்சியையும் கெடுப்பதற்காகவன்று. நாம் செல்லும் வழியெல்லாம் யாருடைய உழைப்பினாலே உண்டானது என்பதைத் தெரிந்து செல்லுதல் நன்று. மாட்டுவண்டி ஏறத்தக்க சாய்வோடு வளைந்து வளைந்து செல்லும் தோட்ட வீதிகளை வெட்டியவரும், புகையிரதப் பாதைக்கு மண் சுமந்தவர் பலரும் அம்மக்களின் முன்னோரே. இன்று சைக்கிளில் ஏறும் எமக்கு அச்சாய்வு பேருதவியாக அமைகின்றது.

வண்டியும் வழியும்

இரண்டாம் நாள் அப்புத்தளையிலிருந்து தியத்தலாவைப் பக்கமாகப் பண்டாரவளைக்கும், அங்கிருந்து எல்லவுக்கும் சென்றோம். இரண்டும் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவான சிறு பயணங்கள். மூன்றாம் நாள் தெமோதரை வழியாகப் பதுளைக்கு இறங்கினோம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் உள்ளது. தெமோதரையிலே புகையிரதப் பாதை குன்றைச் சுற்றிவந்து, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்லும் விந்தையையும் கண்டோம். மூன்று நாளும் சேர்த்து நூறு கிலோமீற்றருக்குக் குறைவே. ஏற்றம் பெரும்பாலும் முதல்நாளோடு முடிந்துவிடுவதால், மாணவர்க்கும் ஓரளவு பழகிய பெண்களுக்கும் இவ்வழி ஏற்றது.

எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதி அழகியதாயினும், முதன்முறை செல்வோர் அதை விட்டுவிடுதல் நன்று. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு அவ்வீதியிலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் இறந்தனர். பெரிய வாகனங்களுக்கே அஞ்சத்தக்க இறக்கத்தில் சைக்கிளுக்கு என்ன அவசரம்?

வண்டியைப் பற்றியும் சில சொல்வோம். ஊரில் ஓடும் ஒற்றைப் பல்லுச்சக்கரச் சைக்கிள் மலைக்கு உதவாது. கியர் உள்ள வண்டி வேண்டும். புறப்படுமுன் பிறேக்குக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை இடைவிடாது பிடித்துக்கொண்டே இருந்தால் றிம் சூடேறி ரியூப் வெடிக்கக்கூடும். பிடிப்பதும் விடுவதுமாக இறங்கவேண்டும். இடையிடையே நின்று வண்டியை ஆறவிடுவதும் நன்று. வளைவுகளில் இடப்பக்கத்தை விட்டு விலகலாகாது. இரண்டு ரியூப், ஒட்டுப் போடும் சாமான்கள், காற்றடிக்கும் பம்பு, முன்விளக்கு, பின்விளக்கு ஆகியன கட்டாயம். மழைச்சட்டை எம்மாதத்திலும் வேண்டும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது இழுக்கன்று. நாம் எத்தனையோ ஏற்றங்களைத் தள்ளியே கடந்தோம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். உண்பதற்கும் குடிப்பதற்கும் வழியிலுள்ள சிறு கடைகளையே நாடுங்கள். உங்கள் பணத்திற் சிறிதேனும் அம்மலையிலேயே தங்கட்டும்.

பதுளையை அடையுமுன் ஹாலிஎலப் பக்கத்தில், சென்ற முறை எமக்கு உதவிய தேநீர்க்கடையின் வாசலில் சைக்கிள்களை நிறுத்தினோம். முதியவர் எம்மை உடனே இனங்கண்டுகொண்டார். பையனின் முழங்காலை உயர்த்திப் பார்த்து, "தழும்பு ஆறிப்போச்சு" என்றார். பால் கலவாத தேநீரை நான்கு குவளைகளில் ஊற்றித் தந்து, "இப்ப மணந்து பாருங்க" என்றார். மணந்து பார்த்தோம். பணம் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. அதனால் அவர் கடையிலேயே தேயிலைப் பொதிகள் நான்கு வாங்கினோம்.

அப்பொதிகளில் ஒன்றை அண்ணியாரிடம் கொடுத்தோம். தேநீரை ஒரு வாய் அருந்திவிட்டு, "அடுத்த முறை எப்ப?" என்று கேட்டார். தைமாதம், மேற்குச் சரிவு என்று சொன்னோம். "அப்ப நானும் வாறன்" என்றார்.